முன்ன போட்டதே நல்லா இருந்துச்சு

வட சென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் எனக்குக் கண்ணாடிக் கடை. பத்துக்குப் பத்து இடம். முன்னால் ஃபிரேம் அடுக்கிய ஷோகேஸ், பின்னால் லென்ஸ் தேய்க்கிற மெஷின், நடுவில் நானும் வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூலும். இந்த 19 வருஷத்தில் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது என்று யாராவது கேட்டால், யோசிக்கவே வேண்டாம். "பழகிடும்."

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்வார்கள். தரை பள்ளமா தெரியுது. கதவு சாஞ்சிருக்கு. தலையைத் திருப்பினா எல்லாம் மிதக்குற மாதிரி இருக்கு. "ஒரு வாரம் விடாம போடுங்க, பழகிடும்" என்று அனுப்பிவிடுவேன். முக்கால்வாசிப் பேருக்குப் பழகியும் விடும். என்னதான் பழகுகிறது, கண்ணா, மூளையா, அது எப்படி இத்தனை சீக்கிரம் நடக்கிறது என்று உட்கார்ந்து யோசித்ததும் படித்ததும் இந்த ஒரு வருஷமாகத்தான். யோசிக்க வைத்தவர் காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அக்கா.

அம்பது வயசைத் தாண்டியவர். முதல் தடவையாகக் கண்ணாடி போடுகிறார். ரெண்டு கண்ணிலும் ப்ளஸ் 1.50, வலது கண்ணில் கூடவே ஒரு சிலிண்டர் பவர். போட்டுவிட்டு எழுந்தவர் கடைவாசல் படியில் காலை வைக்காமல் அப்படியே நின்றார்.

"இன்னா கண்ணு இது, தரை ஒரு பக்கமா சாஞ்சிக்கினு கீது?"

"பழகிடும்க்கா."

நம்பிப் போய்விட்டார். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், இந்தப் பழக்கம் எங்கே நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படிக்கிற போனையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல் போனை மட்டும் வேகமாக இடமும் வலமும் ஆட்டிப் படித்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் கலங்கிப் போகும். இப்போது போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். எழுத்து நிற்கும், படிக்க முடியும். கண்ணுக்கும் போனுக்கும் இடையில் நடக்கிற ஆட்டம் ரெண்டு தடவையும் ஒன்றுதானே? வித்தியாசம் காதில் இருக்கிறது. ஒவ்வொரு உள்காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் அந்தத் திரவம் பின்தங்கி நுண்ணிய மயிர்களை வளைக்கிறது. செய்தி மூளைத்தண்டு வழியாக நேராகக் கண் தசைக்குப் போய், தலை எந்தப் பக்கம் திரும்பியதோ அதற்கு எதிர்ப்பக்கம் கண்ணைத் திருப்பிவிடுகிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். கண்ணால் பார்த்து, "படம் நகர்ந்துவிட்டது, கண்ணைத் திருப்பு" என்று முடிவெடுத்தால் அதைப்போலப் பத்து மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் நடக்கும்போதும் ஷேர் ஆட்டோவில் குலுங்கும்போதும் நமக்கு உலகம் ஆடுவதில்லை.

இந்தக் கணக்கில் நான் போய் ஒரு கண்ணாடியை வைக்கிறேன். ப்ளஸ் லென்ஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். பெரிதாகக் காட்டினால், தலையைத் திருப்பும்போது காட்சி நகர்கிற தூரமும் கூடும். கண் பழைய அளவுக்கே திரும்பினால் பற்றாது, படம் விழித்திரையில் வழுக்கும். மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொல்வது இந்த வழுக்கலைத்தான். அந்த வழுக்கல்தான் சிறுமூளைக்குப் புகார் மனுவும். ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் சிறுமூளை, கண் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவைத் துளித் துளியாகக் கூட்டுகிறது. மைனஸ் லென்ஸ் என்றால் குறைக்கிறது. சில நிமிஷத்திலேயே திருத்தம் ஆரம்பித்துவிடும், சில நாளில் கெட்டிப்படும்.

இது தெரிந்த பிறகு நான் சொல்கிற புத்திமதியே மாறிவிட்டது. முன்பெல்லாம், "முதல்ல வீட்டுல உட்கார்ந்து டிவி பாக்கும்போது மட்டும் போடுங்க, அப்புறம் வெளியே போடலாம்" என்று சொல்லியிருக்கிறேன். தலை அசையாமல் உட்கார்ந்திருந்தால் வழுக்கலே இல்லை. வழுக்கல் இல்லாவிட்டால் சிறுமூளைக்குத் திருத்துவதற்கு வேலையே இல்லை. இப்போது நேர்மாறாகச் சொல்கிறேன்: போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள், துணி காயப்போடுங்கள், திரும்பித் திரும்பிப் பேசுங்கள். படிக்கட்டில் மட்டும் கைப்பிடியை விடாதீர்கள். எனக்கே ப்ரோக்ரெசிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போட்டபோது தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் மூன்று நாள் கைப்பிடியோடுதான் இறங்கினேன். நாலாவது நாள் பாதிப் படி இறங்கிய பிறகுதான் கை சும்மா தொங்குவதைக் கவனித்தேன்.

1890-களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிராட்டன் என்ற உளவியலாளர், உலகத்தைத் தலைகீழாகக் காட்டுகிற லென்ஸைச் செய்து தானே போட்டுக்கொண்டார். இரண்டாவது தடவை எட்டு நாள். லென்ஸ் ஒரு கண்ணில், மற்ற கண்ணுக்குக் கட்டு. முதல் நாள் எதை எடுக்கப் போனாலும் கை தப்பான பக்கம் போயிருக்கிறது. நாள் போகப் போக நடப்பதும் எடுப்பதும் சிரமமில்லாமல் ஆகிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, கழற்றிய பிறகு நடந்தது. நேரான உலகம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, ஆனால் தலையைத் திருப்பினால் அறையே ஆடுகிறது. எட்டு நாளில் கட்டிய கணக்கு, கழற்றிய கையோடு கலைந்துவிடவில்லை.

அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு நைனா ஞாபகம்தான் வந்தது.

நைனா காசிமேட்டிலிருந்து லாஞ்சில் போய்க்கொண்டிருந்தவர். போனால் ஒரு வாரம், பத்து நாள். கரைக்கு வந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, பின்பக்கம் தொட்டியடியில் குளிப்பார். ஒரு கையால் மொண்டு ஊற்றிக்கொள்வார். இன்னொரு கை சுவரை விட்டு எடுக்கமாட்டார். தண்ணீர் தலையில் விழுகிற நேரத்தில் கண்ணை மூடுவார் இல்லையா, அப்போது உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாயும், விரல்கள் சுவரை அழுத்தும். கண்ணைத் திறந்ததும் விரல் தளரும். அடுத்த மொண்டுக்கு மறுபடி. நான் சின்னப் பையன், வாசலில் துண்டோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குடித்திருக்கிறாரோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். கேட்டபோது சொன்னார்: "தரை ஆடுதுடா. நாளைக்கு நின்னுடும்."

கடலில் இருக்கும்போது அவருக்கு ஆட்டமே தெரியாதாம். புதுசாக ஏறுகிற பையன்கள் முதல் நாள் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பார்கள், ரெண்டு மூணு நாளில் எழுந்து வலை இழுப்பார்கள். படகு எப்படிச் சாயும், எப்போது நிமிரும் என்று மூளை கற்றுக்கொண்டு, முன்கூட்டியே கழித்துவிடுகிறது. கழித்த பிறகு மிச்சம் இருப்பதுதான் நமக்குத் தெரிகிறது. கரைக்கு வந்ததும் கழிக்க ஒன்றுமில்லை, கழிக்கிற வேலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுதான் தரையின் ஆட்டம். கண் திறந்திருந்தால் சுவரும் தொட்டியும் அசையவில்லை என்று சாட்சி சொல்லும். கண்ணை மூடினால் அந்தச் சாட்சியும் போய்விடும், சுவரைத் தொட்ட விரல்தான் மிச்சம்.

ஒற்றை நரம்பிலேயே இந்தக் குணம் இருக்கிறது. 1926-ல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் ஸ்வீடனிலிருந்து வந்த இங்வே சோட்டர்மானும் ஒரு தவளைத் தசையில் எடையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து வருகிற ஒரே ஒரு நரம்பு இழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். எடை கூடினால் துடிப்பு பெரிதாவதில்லை. ஒரே அளவுத் துடிப்புதான், அது வருகிற வேகம் கூடும். அடுத்ததாகப் பார்த்தது இன்னும் முக்கியம். எடை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் துடிப்பின் வேகம் தானாகக் குறைந்துகொண்டே வருகிறது. ஏட்ரியனுக்கு 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது. என் கடையில் இது தினமும் நடக்கிறது. புது ஃபிரேமை மாட்டியதும் "மூக்குல பாரமா இருக்கு" என்பார்கள். பில் போட்டு, டப்பாவும் துணியும் எடுத்துக் கொடுப்பதற்குள் பாரம் போயிருக்கும். ஃபிரேமின் எடை அதே எடைதான்.

மீன் மார்க்கெட்டில் மொய்க்கிற நீல ஈயின் சொந்தக்கார ஈயை வைத்தும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, 2001-ல் வெளிவந்தது. காட்சி நகர்கிற வேகத்தைக் கணக்கிடும் ஒரு நரம்பணு ஈயின் மூளையில் இருக்கிறது. காட்சி மெதுவாக அசைந்தால் அந்த நரம்பணு தன் மொத்தத் துடிப்பு வரிசையையும் மெதுவான வேகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். திடீரென்று வேகம் கூடினால் அதே வரிசையை வேகமான அசைவுகளுக்கு மாற்றிப் பங்கிடும். ஒரு விநாடிக்குள்ளேயே. பத்து கிலோ தராசையும் நகைக்கடைத் தராசையும் ஒரே கருவியில் வைத்துக்கொண்டு, எது தேவையோ அதற்கு நொடியில் மாறுகிற மாதிரி. ஒரு ஈக்கு இருக்கிற அந்தத் திறமையை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். மூக்குப் பேடு ஒன்று விழுந்துவிட்டதாம். "கண்ணாடி எப்படிக்கா இருக்கு?" என்றேன். "சூப்பரா கீது கண்ணு. தரையெல்லாம் நேராயிடுச்சு." பேடை மாற்றினேன். கொடுப்பதற்கு முன்னால், கையில் இருந்ததை வழக்கம்போல லென்ஸின் பவரை அளக்கிற லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். வலது லென்ஸில் சிலிண்டரின் ஆக்ஸிஸ், அதாவது அது நிற்கிற கோணம், 140. டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். 160. டாக்டர் எழுதிய ஆறின் சுழி சரியாக மூடாமல் இருந்தது. நான் அதை நாலாகப் படித்து, 20 டிகிரி திருப்பி வெட்டியிருக்கிறேன்.

சிலிண்டர் என்பது ஒரு திசையில் மட்டும் அளவை மாற்றுகிற பவர். அந்தத் திசை சாய்வாக இருந்தால் நேர்கோடெல்லாம் சாயும். அவர் முதல் நாள் சொன்ன சாய்வில் ஒரு பங்கு என் தப்பு. மூன்று வாரம் அவருடைய மூளை அந்தத் தப்பையும் சேர்த்துத் திருத்தி, மங்கலையும் சரிக்கட்டி, சூப்பரா கீது என்று சொல்ல வைத்துவிட்டது. எனக்கு வியர்த்துப்போயிற்று. இந்த 19 வருஷத்தில் எத்தனை பேருக்கு "பழகிடும்" என்று சொல்லி, அவர்களும் என் தப்புக்குப் பழகியிருப்பார்களோ?

சொன்னேன். "என் தப்புக்கா, லென்ஸைத் திருப்பி வெட்டிட்டேன், காசு வேணாம், மாத்தித் தர்றேன்." மறுநாள் 160-ல் புது லென்ஸ் போட்டுக் கொடுத்தேன். போட்டார், வாசலைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"முன்ன போட்டதே நல்லா இருந்துச்சு. இதுல தரை அந்தப் பக்கம் சாயுது. நல்லாக் கீறத எதுக்குக் கெடுத்த?"

சரியான லென்ஸ்தான். லென்ஸோமீட்டரில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். பழைய சாய்வைக் கழித்துக் கழித்துப் பழகிய மூளைக்கு, சாய்வு குறைந்ததே எதிர்ப்பக்கச் சாய்வாகத் தெரிகிறது. நைனாவுக்குத் தரை ஆடிய மாதிரிதான். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நைனா கதையையே சொன்னேன். அவர் வீட்டுக்காரரும் கடலுக்குப் போனவர். "அதுவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நரம்புக்குச் சரி, தப்பு என்று ஒன்றும் இல்லை, நிலையாக இருப்பது எதுவோ அதைக் கழித்துவிடும் என்பது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்குமான அந்த 61 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாஞ்ச் எதுவும் போகாததால் மீன் விலை ஏறிக் கிடந்தது, வீட்டில் கறிக்குழம்பு. மனைவி காலையிலிருந்து அடுப்படியில். நானும் நைனாவும் பக்கத்து ரூமில். பதினோரு மணிக்கு அம்பத்தூரிலிருந்து தங்கச்சி வந்தாள். அவள் பையனுக்கு ஒன்பது வயசு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று, "மாமா, கேஸ் வாடை அடிக்குது" என்றான். நாங்கள் மூன்று பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தோம். குழம்பு வாசனைதான். "இல்லடா" என்றேன். "அடிக்குது மாமா" என்று அழாத குறையாகச் சொன்னான். போய்ப் பார்த்தால், ரெகுலேட்டர் பக்கத்தில் டியூப் வெடித்து, மெல்லியதாகச் சீறிக்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஒரு ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம்.

சமையல் கேஸுக்கு வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமெடுத்த பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் மூக்கின் நரம்பணுவில் வாசனை ஒட்டியதும் அதன் சவ்விலுள்ள நுண்ணிய கதவு திறந்து கால்சியம் உள்ளே போகிறது, அந்தக் கால்சியமே திரும்பி வந்து கதவை இறுக்குகிறது. சில விநாடியிலேயே ஆரம்பித்துவிடும். அதற்கு மேல் மூளையும் "இது பழைய செய்தி" என்று ஒதுக்கும். கசிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால், உள்ளேயே இருப்பவருக்குக் கடைசி வரை தெரியாமல் போகலாம். வெளிக்காற்றிலிருந்து வந்த பையனுக்குத் தெரிந்தது.

நம் பக்கத்து ஆட்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காற்று திசை மாறுகிற ராத்திரியில் ரிஃபைனரி இருக்கிற மணலிப் பக்கமும் குப்பைமேடு இருக்கிற கொடுங்கையூர்ப் பக்கமும் என்ன வாடை வரும் என்று தெரியும். வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தினால், "எங்களுக்குப் பழகிடுச்சு" என்கிறோம். பழகியது மூக்குதான். நுரையீரலுக்கு அப்படி ஒரு சலுகை இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும். எரிச்சலைச் சொல்கிற நரம்பு வேறு, வாசனையைச் சொல்கிற நரம்பு வேறு.

சாக்கடைக் குழியில் சேர்கிற ஹைட்ரஜன் சல்பைடு இதைவிடக் கொடுமை. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு சில நிமிஷத்தில் செத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். அது பழக்கம்கூட இல்லை, நரம்பே மரத்துப்போவது. "வாடை போயிடுச்சு" என்று இன்னும் இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதர்களை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் எங்காவது ஒருத்தரை இறக்குகிறார்கள் என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், "ஏதாச்சும் வாடை வருதா?" என்று மனைவி கேட்கிறாள். கடையில், கண்ணாடியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சீட்டையும் லென்ஸோமீட்டரையும் பக்கத்தில் வைத்து, எண்களை வாய்விட்டுப் படிக்கிறேன். அதற்குப் பிறகும் தரை சாயுது என்றால்தான் அந்த வார்த்தையைச் சொல்கிறேன்.

அக்கா ஆறாவது நாள் வந்தார். கையில் பாலித்தீன் பையில் சங்கரா மீன். கதவு நிலையைக் காட்டி, எப்படித் தெரியுது என்றேன். "நேரா கீது." டிராயரிலிருந்து அந்த 140 லென்ஸை எடுத்தேன். தூக்கிப் போட மனசு வராமல் வைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணுக்கு முன்னால் அதைப் பிடித்து வாசலைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், அப்புறம் இன்னொரு பக்கம்.

"இத்தையா மூணு வாரம் போட்டுக்கினு இருந்தேன்?" என்று லென்ஸை என் கையிலேயே திருப்பி வைத்தார்.